கொழிஞ்சாம்பாறையிலிருந்து லும்பினிக்கு: முதன்முறை காரில் எல்லை தாண்டுகிறவர்களுக்கு

அசோகன் கல்லில் ‘கேரளபுத்திரர்’ என்று எழுதிவைத்த நாட்டில்தான் நாம் குடியிருக்கிறோம். அவன் நிறுத்திய தூண் ஒன்று, புத்தர் பிறந்த லும்பினியில், இன்றைய நேபாளத்தில் இன்னும் நிற்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவிலிருந்து அந்தத் தூண்வரை ஏறக்குறைய 2500 கிலோமீட்டர். முழுவதும் தார்ச்சாலை. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். நானும் மனைவியும் மகளும் எழுபதைத் தாண்டிய பெரியப்பாவும் போய்வந்தோம். வந்ததிலிருந்து கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் யாராவது ஒருவர் நிறுத்தி, “எப்படிப் போனீர்கள், என்னென்ன காகிதம் கேட்டார்கள்?” என்று விசாரிக்கிறார்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

காகிதங்கள்: ஒரு மாதம் முன்பே

நேபாளத்துக்குள் தரைவழியாகப் போக ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழும் பள்ளி அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

கேரளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தங்கவேலு என்ற பெயரைத் தமிழ் வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ‘ஜி’ வரும். மலையாள வழக்கப்படி எழுதும் அலுவலர் ‘கே’ போட்டுவிடுவார். முருகேசனுக்கும் இதே கதி. ஒரு வீட்டிலேயே வாக்காளர் அட்டையில் ஒரு எழுத்து, ஆர்.சி.யில் இன்னொரு எழுத்து, ஓட்டுநர் உரிமத்தில் மூன்றாவது என்று இருக்கும். ஊருக்குள் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எல்லையில் உள்ள சுங்க அலுவலகத்தில் ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒரே எழுத்தாக உள்ள இரண்டைத் தேர்ந்து வையுங்கள். அப்படி இரண்டுகூட இல்லையென்றால் திருத்தத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கூடவே வருவது நல்லது. மச்சான் காரையோ நண்பர் காரையோ எடுத்துப் போவதென்றால், உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் வேண்டும். மஞ்சள் பலகை வாடகை வண்டிக்கு விதிமுறை வேறு. முதல் பயணத்துக்குச் சொந்தக் காரே சுலபம். ஆர்.சி., உரிமம், புகைச் சான்று, காப்பீடு எல்லாவற்றிலும் அச்சிட்ட நகல்கள் இரண்டு செட் வையுங்கள். கைபேசியில் காட்டினால் போதும் என்ற பழக்கம் எல்லைக்கு அப்பால் எடுபடாது.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கார் பாலிசி இந்தியாவுக்குள்தான் செல்லும். நேபாளத்தையும் சேர்க்க, நிலப்பரப்பு நீட்டிப்பு என்று ஒரு சேர்க்கைத்தாள் எழுதி வாங்க வேண்டும். இதற்கான கூடுதல் பிரீமியம் பெரிய தொகை ஒன்றும் இல்லை. நான் முதலில் கேட்ட முகவர், “எல்லா இடத்துக்கும் செல்லும், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டார். பாலிசியை வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோதுதான் அது உண்மையில்லை என்று தெரிந்தது. மறுநாளே நேரில் போய்ச் சேர்க்கைத்தாளை வாங்கினேன். அந்நிய நாட்டில் ஒரு சைக்கிள்காரர் மேல் நம் வண்டி பட்டால் அவருக்கும் நமக்கும் காப்பு இந்த ஒரு தாள்தான். இதில் மட்டும் யாருடைய வாய்வார்த்தையையும் ஏற்காதீர்கள்.

ஃபாஸ்டாக் இருக்கும். சொந்தக் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-இல் 3000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுப் பாஸைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை 200 முறை கடக்கலாம், அல்லது ஓராண்டு செல்லும். இவ்வளவு தூரம் போய்வருகிறவர்களுக்கு இந்த ஒரு பயணத்திலேயே அது பயன் தந்துவிடும். மாநிலச் சாலைகளில் செல்லாது என்பதால் ஃபாஸ்டாக் கணக்கிலும் கொஞ்சம் பணம் இருக்கட்டும்.

எந்த மாதம்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை, அல்லது பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் நேபாளத்தின் தராய்ச் சமவெளியிலும் மூடுபனி இறங்கிவிடும். காலை பத்து மணிவரை முன்னால் போகும் லாரியே தெரியாது. பனியில் வண்டி ஓட்டிப் பழகாத நமக்கு அது ஆபத்து. ஏப்ரலுக்குப் பிறகு வெயில் தாங்காது. அக்டோபரில் போகிறவர்கள் நேபாளத்தின் தசைன், திகார் பண்டிகை நாட்களைப் பார்த்துத் தவிர்க்க வேண்டும். அந்த நாட்களில் அலுவலகங்கள் மூடியிருக்கும் அல்லது ஆள் குறைவாக இருக்கும்.

பாதையும் தங்கலும்

பாலக்காட்டு வழியாக ஓடும் 544-ஆம் நெடுஞ்சாலை சேலத்தில் போய் 44-இல் சேர்கிறது. அங்கிருந்து ஒரே சாலையாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், சிவனி. சிவனிக்கு மேலே லக்னாதோனில் 44-ஐ விட்டுப் பிரிந்து ஜபல்பூர், ரீவா, வாரணாசி, கோரக்பூர், கடைசியில் சுனௌலி எல்லை.

ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினாலும் இதுதான் அளவு. நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு வேலந்தாவளம் வழியாகக் கிளம்பி, பெங்களூரைத் தாண்டிச் சிக்கபள்ளாப்பூரில் முதல் இரவு தங்கினோம். பெங்களூருக்குள் தங்கினால் மறுநாள் காலை நகரத்தைக் கடக்கவே இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டாம் இரவு ஹைதராபாத் வெளிவட்டச் சாலை ஓரம், மூன்றாவது நாக்பூர், நான்காவது ஜபல்பூர். ஜபல்பூர் நாள் வேண்டுமென்றே சிறியது, 270 கிலோமீட்டர்தான். முதுகு ஆறுவதற்கு அது தேவை. ஐந்தாம் இரவு வாரணாசி. அங்கே இரண்டு இரவு. ஏழாம் நாள் கோரக்பூர். எட்டாம் நாள் காலை எல்லை.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். கோரக்பூரைச் சுற்றிய பகுதியில் குளிர்காலம் கரும்பு வெட்டும் காலம். பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் சாலையை விட அகலமான கரும்புச் சுமையோடு போகும். பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பாதையை வெறும் தூரமாக எண்ணி ஓட்டிக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அசோகனின் இரண்டாம் பெருங்கல் ஆணை, தன் நாட்டுக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று பெயர் சொல்லுகிறது. அந்த எல்லைகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததாகவும், மூலிகைகளை நடச் செய்ததாகவும், வழிகளில் கிணறு தோண்டி மரம் நட்டதாகவும் அதில் சொல்லுகிறான். சேலம் தாண்டியதும் வரும் தருமபுரிதான் அதியமானின் தகடூர். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று சொன்ன பிறகு, சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு, அதியமான்கள்தான் என்று விடை கிடைத்தது. ஆக, கேரளபுத்திரர் நாட்டில் காலைக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் மதியச் சாப்பாட்டுக்குச் சத்தியபுத்திரர் நாட்டில் இருப்பார்.

அந்த ஆணை வெட்டப்பட்ட பாறைகளில் ஒன்று நம் சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. அனந்தபூருக்கும் கர்னூலுக்கும் நடுவில் குத்தி என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பத்திகொண்டா போகும் சாலையில் சில கிலோமீட்டர் போனால் எர்ரகுடி. பதினான்கு பெருங்கல் ஆணைகளும் அங்குள்ள பாறைகளில் இருக்கின்றன. இரண்டாம் நாள் காலை வெயில் ஏறுவதற்குள் அங்கே இருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்து தெரியும். தண்ணீர், தொப்பி இரண்டும் கொண்டுபோக வேண்டும்.

வாரணாசியில் காரைச் சந்துகளுக்குள் கொண்டுபோக முடியாது. வெளியே கட்டண வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ரிக்‌ஷாவில் போங்கள். அனுமான் கட்டம், கேதார் கட்டம் பக்கம் போனால் தமிழ் காதில் விழும், இட்லியும் கிடைக்கும். ஆறாம் நாளைச் சாரநாத்துக்கு வையுங்கள். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கத் தலை அங்குள்ள அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நாளைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள், அந்தச் சிங்கங்களைப் பார்க்காமல் திரும்பினால் மனம் ஆறாது.

சாப்பாடு: நாக்பூர் தாண்டினால் சோறு குறைந்து ரொட்டி கூடும். பெரியவர்கள் உடன் வந்தால் சிறிய மின்குக்கர், இரண்டு கிலோ அரிசி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டியதும் சோறு திரும்ப வந்துவிடும். நேபாளத்தில் தால்பாத் என்பது சோறு, பருப்பு, காய்கறி. கேட்கக் கேட்கப் போடுவார்கள். தராய்ச் சமவெளியின் நெல்வயலைப் பார்த்ததும் பெரியப்பா, “நம்ம ஆலத்தூர்ப் பக்கம் மாதிரியே இருக்கிறதே” என்றார்.

இவ்வளவு தூரம் ஓட்ட முடியாதவர்களுக்கு ரயில் உண்டு. கோரக்பூர் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் பாலக்காடு சந்திப்பில் நின்றுதான் போகிறது. கோரக்பூரிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ சுனௌலி நூறு கிலோமீட்டருக்குள்தான்.

சுனௌலியில் செய்ய வேண்டியவை

கோரக்பூரில் காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்பே லாரி வரிசை தொடங்கிவிடும். பயந்து அதன் பின்னால் நிற்க வேண்டாம். கார்கள் வலப்பக்கமாக ஒதுங்கிப் போக வழி விடுவார்கள். இந்தியப் பக்கம் எல்லைக் காவல் படையான சஷஸ்திர சீமா பல் வீரர்கள் அடையாள அட்டையையும் வண்டியையும் பார்ப்பார்கள்.

எல்லையின் வளைவு வாயிலைத் தாண்டினால் நேபாளத்தின் பேலஹியா. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ‘பன்சார்’ எங்கே என்று கேளுங்கள். பன்சார் என்றால் சுங்க அலுவலகம். அங்கே தரும் சீட்டையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள். எத்தனை நாள் நேபாளத்துக்குள் வண்டி இருக்கும் என்று சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். உங்கள் திட்டத்தை விட ஒரு நாள் கூடுதலாகவே எழுதச் சொல்லுங்கள். சீட்டில் உள்ள தேதியைத் தாண்டினால் அபராதம் கடுமையானது. இந்திய வண்டி ஓராண்டில் மொத்தம் 30 நாள்வரைதான் உள்ளே இருக்கலாம். பன்சாருக்குப் பிறகு போக்குவரத்து அனுமதிச் சீட்டு ஒன்று. இரண்டையும் வாங்கிய பிறகே வண்டியை எடுங்கள்.

சாலையில் முகவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். “நான் முடித்துத் தருகிறேன், இருங்கள் அண்ணா” என்று உடைந்த இந்தியில் அன்பாகவே பேசுவார்கள். நேராகச் சன்னலுக்குப் போனால் இந்த வேலை முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூலச் சான்றுகளை யார் கையிலும் விட்டுவிட்டு நகராதீர்கள்.

பணம்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993 முதல் இந்த விகிதம் மாறவில்லை. கடைக்காரர் விலை சொன்னால் ‘ஐ.சி.யா, என்.சி.யா’ என்று கேளுங்கள். முன்னது இந்தியக் காசு, பின்னது நேபாளக் காசு. அந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீரும். நூறு ரூபாய்த் தாள்களாகவே கொண்டுபோங்கள். பெரிய தாள்கள் பற்றிய விதி மாறிக்கொண்டிருப்பது, அன்றைக்கு வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளிவிடுங்கள். நேபாளத்தில் காவல்துறைக்கு 100, ஆம்புலன்சுக்கு 102.

சுனௌலியிலிருந்து பைரஹவா நான்கு கிலோமீட்டர். அங்கே மேற்கே திரும்பினால் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், நேர்ச்சாலை.

லும்பினிக்குள்

தங்க லும்பினி பஜாரில் விடுதிகள் உண்டு. வளாகத்துக்குள்ளேயே கொரிய மடாலயத்தில் யாத்திரிகர்களுக்கு அறை தருகிறார்கள். எளிய அறை, மடத்துச் சாப்பாடு, இரவு முழு அமைதி. எங்களுக்கு அதுவே பிடித்திருந்தது. கொசுவர்த்தியை மறக்க வேண்டாம்.

லும்பினி என்றால் ஒரு கோயில் என்று நினைத்து அரை நாள் ஒதுக்கி வருகிறவர்கள்தான் அதிகம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே 1978-இல் முடித்த திட்டப்படி, மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் உள்ள பெரிய வளாகம் அது. நடுவில் ஒரு கால்வாய். கிழக்கே தேரவாத மடாலயங்கள், மேற்கே மகாயான, வஜ்ரயான மடாலயங்கள். வட கோடியில் ஜப்பானியர் கட்டிய வெண்ணிற அமைதித் தூபி. இரண்டு முழு நாள் வேண்டும். கார் வாசலோடு நின்றுவிடும். உள்ளே நடந்தோ, வாடகைச் சைக்கிளிலோ, மின்ரிக்‌ஷாவிலோ போகலாம். பெரியவர்களுக்கு மின்ரிக்‌ஷாவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள்.

மாயாதேவி கோயிலுக்குக் காலை ஏழு மணி வாக்கில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், குளிர்காலத்தில் காலுறை உதவும். வெள்ளைக் கட்டடத்துக்குள் இருப்பவை பழைய செங்கல் அடித்தளங்கள். நடுவில் கண்ணாடிக்குக் கீழே பிறந்த இடத்தைக் குறிக்கும் கல். உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது.

வெளியே வந்து மேற்குப் பக்கம் திரும்பினால் தூண்.

பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். தலையில் சிங்கம் இல்லை, வழுவழுப்பான அலங்காரம் இல்லை, சுற்றிலும் கம்பி வேலி. பலர் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் நகராதீர்கள். ஐந்தே வரி. முடிசூடி இருபது ஆண்டானபோது, அதாவது கி.மு. 249 வாக்கில், அரசன் தானே இங்கு வந்து வணங்கினான். சாக்கிய முனிவராகிய புத்தர் இங்கே பிறந்தார் என்பதற்காகக் கல்தூண் நிறுத்தினான். லும்மினி கிராமத்துக்குப் பலி என்னும் வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்காக்கினான். இவ்வளவுதான் செய்தி. 1896-இல் இந்தத் தூண் மீண்டும் அடையாளம் காணப்பட்டபோது, புத்தர் பிறந்த இடம் எது என்ற கேள்வி இந்த ஐந்து வரிகளால்தான் தீர்ந்தது.

எழுத்து பிராமி. நம் புகளூரிலும் மாங்குளத்திலும் குகைகளில் தமிழ் எழுதப்பட்ட அதே குடும்பத்து எழுத்து. போவதற்கு முன் ஒரு தாளில் பிராமி எழுத்து அட்டவணையை அச்சிட்டு எடுத்துப் போங்கள். சிறிய இருகண் நோக்கி இருந்தால் இன்னும் நல்லது. கூட்டல் குறி போல் இருப்பது ‘க’ (ka). கூரை முகடு போல் இருப்பது ‘காமே’ (gāme) என்ற சொல்லின் முதல் எழுத்தான ga. காமே என்றால் கிராமம். எங்கள் மகள் கூட்டல் குறியைக் கண்டுபிடித்தாள், பிறகு ‘லும்மினி’யைக் கண்டுபிடித்தாள். இன்னொன்றும் கவனிக்கலாம்: இந்தக் கிழக்குப் பேச்சில் ரகரம் லகரமாகிவிடும், ராஜா அங்கே லாஜா. அதனால் அட்டவணையில் உள்ள ‘ர’வைத் தூணில் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பெரியப்பா எழுத்தைப் பார்க்கவில்லை. வரிக்கணக்கைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்று பழைய நூல்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறார். “ஆறில் ஒன்றை எட்டில் ஒன்றாக்கினானா? நூறு மூட்டைக்கு நாலு மூட்டை மிச்சம்” என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். வாழ்நாள் முழுவதும் நெல் விதைத்தவருக்கு அந்தக் கல்லில் தெரிந்தது அதுதான்.

தூணின் மேற்பகுதியில் 1312-இல் ரிபு மல்லன் என்ற மன்னன் பொறித்த ‘ஓம் மணி பத்மே ஹூம்’ இருக்கிறது. பக்கத்தில் புஷ்கரணிக் குளம். கோயிலின் தென்புறம் இருக்கும் அந்தக் குளத்தங்கரையில் மாலையில் உட்காருங்கள். பல நாட்டுத் துறவிகள் அவரவர் மொழியில் ஓதுவது கேட்கும்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் திலௌராகோட். புத்தர் இளவரசராக வாழ்ந்த கபிலவஸ்துவாகப் பலர் கருதும் இடம். கூட்டமே இல்லாத செங்கல் மேடுகளும் கோட்டை வாசலும், நிதானமாக நடக்கலாம்.

திரும்பும்போது

பன்சார் சீட்டை எல்லையில் காட்டி, வண்டி வெளியேறியதைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டு இந்தியப் பக்கம் வந்துவிட்டால் அடுத்த முறை போகும்போது அந்தப் பழைய கணக்கு குறுக்கே நிற்கும். மிச்ச நேபாளப் பணத்தைச் சுனௌலியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், கோரக்பூர் தாண்டினால் யாரும் வாங்கமாட்டார்கள்.

போகும்போது ஏற்றமாக இருந்த தொப்பூர்க் கணவாய், தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது இறக்கம். ஆறு நாள் ஓட்டிய களைப்பும் வீடு பக்கம் என்ற நினைப்பும் சேரும் இடம் அது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் இறக்கம் என்று பெயர் பெற்றது. பகலில் கடந்துவிடுங்கள், கியரைக் குறைத்து லாரிகளுக்கு முன்னால் நிற்காமல் இடைவெளி விட்டு இறங்குங்கள். போகும்போது எர்ரகுடியில் வெயில் ஏறிவிட்டதென்று பாறையைச் சரியாகப் பார்க்காதவர்கள், வரும்போது முந்தைய இரவைக் குத்தியிலோ அனந்தபூரிலோ வைத்துக்கொண்டால் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அன்றிரவே கிருஷ்ணகிரிக்கு வந்து சேரலாம். லும்பினியில் பழகிய கண்ணுக்கு அந்தப் பாறையின் எழுத்து இன்னும் நன்றாகப் பிடிபடும்.